வட்டாரத்துக்கு முதலீடும் வேலையும் கொண்டுவருவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

பெருநகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஒரு வட்டாரத்தின் தொழில் வளர்ச்சிப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நீங்கள் உள்ளாட்சி மன்ற உறுப்பினராக இருக்கலாம், வணிகர் சங்க நிர்வாகியாக இருக்கலாம், வளர்ச்சிக் கழகத்தில் புது அதிகாரியாகவும் இருக்கலாம். முதல் வாரத்திலேயே பார்க்கிறவர்கள் எல்லோரும் "பெரிய கம்பெனி எப்போது வரும்?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். பெரிய கம்பெனியைத் தேடிப் போவது இந்த வேலையின் கடைசிப் பாகம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதி, பெரிய கம்பெனி வராவிட்டாலும் ஊருக்குப் பயன்படும்.

முதல் படி: யாருக்கு வேலை வேண்டும்?

"வேலைவாய்ப்பைப் பெருக்க வேண்டும்" என்று தீர்மானம் போடுவது சுலபம். யாருக்கு என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். படித்து முடித்ததும் ஊரை விட்டுப் போகிற பிள்ளைகளா? மூடிய சுரங்கத்திலோ ஆலையிலோ இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு ஐம்பது வயதில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களா? பேருந்து வசதியும் குழந்தைகள் காப்பகமும் இல்லாததால் வேலைக்குப் போக முடியாத பெண்களா? இந்த மூன்று கூட்டத்துக்கும் ஒரே தொழில் உதவாது. மூன்றாவது கூட்டத்துக்குப் புதிய கம்பெனியே தேவைப்படாமல் போகலாம். ஷிப்ட் நேரத்துக்கு ஒரு பேருந்து விட்டாலே சில சமயம் போதும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுகள், பள்ளி கல்லூரிகளில் ஆண்டுதோறும் எத்தனை பேர் எந்தப் படிப்பை முடிக்கிறார்கள் என்ற கணக்கு, காலையில் வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் கையில் இருந்தால் தொடங்கிவிடலாம். தடித்த அறிக்கை ஒன்றும் வேண்டாம்.

இன்னொரு வித்தியாசத்தையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே விற்றுப் பணத்தை உள்ளே கொண்டுவரும் தொழில் ஒரு வகை. ஊருக்குள் இருக்கிற பணத்தையே சுற்றவைக்கும் தொழில் இன்னொரு வகை. ஒரு பேரங்காடி திறந்து நூறு பேருக்கு வேலை கொடுத்தால், பழைய கடைகளில் எத்தனை பேருக்கு வேலை போனது என்றும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வெளியே விற்கும் தொழில் வந்தால் அதன் சம்பளம் முடிதிருத்துபவர், மருத்துவர், வீடு கட்டுபவர் என்று உள்ளே பரவும். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் என்ரிகோ மொரெட்டி, உற்பத்தித் துறையில் கூடும் ஒரு வேலை அதே நகரத்தின் உள்ளூர்ச் சேவைகளில் சுமார் 1.6 வேலைகளை உண்டாக்குகிறது என்று 2010-இல் கணித்தார். இந்த எண்ணை அப்படியே உங்கள் ஊருக்குப் பெருக்கி மேடையில் சொல்லிவிடாதீர்கள். வேலை செய்கிறவர்கள் பக்கத்து நகரத்தில் குடியிருந்து அங்கேயே செலவு செய்தால் அந்தப் பலன் உங்களுக்கு வராது.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் ஆண்டின் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கச் சொல்வேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லிட்டில்டன் என்றொரு ஊர். 1980-களின் பிற்பாதியில் அந்த வட்டாரத்தின் பெரிய விண்வெளி, ராணுவத் தளவாட நிறுவனம் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தது. ஊர் நிர்வாகம் இன்னொரு பெரிய கம்பெனியைத் தேடி ஓடவில்லை. உள்ளூரில் வளர வாய்ப்புள்ள சிறு நிறுவனங்களுக்குச் சந்தைத் தகவல், வாடிக்கையாளர் பட்டியல், போட்டியாளர் விவரம் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்டது. சிறு முதலாளியால் காசு கொடுத்து வாங்க முடியாத தகவலை நகர நூலகமும் நகர அலுவலகமும் தேடிக் கொடுத்தன. மானியம் என்ற பேச்சே இல்லை. பிறகு பல ஊர்கள் இந்த முறையைப் பின்பற்றின.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பத்துப் பேருக்கு மேல் வேலை கொடுக்கும், ஊருக்கு வெளியே விற்கும் நிறுவனங்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரில் போங்கள். அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். அவர்கள் இடத்தில்தான் உண்மையைப் பேசுவார்கள், கிடங்கில் தேங்கிக் கிடக்கும் சரக்கும் ஓடாத இயந்திரமும் அங்கேதான் கண்ணில் படும். கேட்க வேண்டியவை: அடுத்த இரண்டு ஆண்டில் விரிவாக்கம் செய்யும் எண்ணம் உண்டா? உண்டென்றால் அது இங்கேயா, வேறு ஊரிலா? எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை? மின்சாரம் எத்தனை முறை போகிறது? எந்த உதிரிப்பாகத்தை வெகுதூரத்திலிருந்து வாங்குகிறீர்கள்? உங்களுக்குப் பின் தொழிலை யார் நடத்தப்போகிறார்கள்?

கடைசிக் கேள்வி முக்கியம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட ஒரு முதலாளிக்கு எழுபது வயதாகிவிட்டால், நன்றாக ஓடுகிற தொழிலும் மூடப்படும். அதை வாங்க ஆள் தேடிக் கொடுப்பதும், தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்த வழிசெய்வதும் புதிய ஆலை கொண்டுவருவதைவிட மலிவானவை.

ஒரு நிபந்தனை உண்டு. போய்ப் பேசிவிட்டு ஒன்றுமே செய்யாமல் விடக்கூடாது. சாலைப் பள்ளமோ, தாமதமாகும் உரிமமோ, ஒரு சிறு விஷயத்தையாவது அந்த மாதமே முடித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. வெளியூர் முதலீட்டாளர் உங்கள் ஊரைப் பற்றி முதலில் விசாரிப்பது இவர்களிடம்தான். நீங்கள் அச்சடித்த வண்ணக் கையேட்டை அவர் விமானத்திலேயே மறந்துவிட்டு இறங்குவார். "இங்கே தொழில் நடத்துவது எப்படி இருக்கிறது?" என்று ஓர் உள்ளூர் முதலாளியிடம் கேட்பார். அந்தப் பதில்தான் உங்கள் விளம்பரம்.

மூன்றாம் படி: உங்களிடம் என்ன இருக்கிறது என்று நேர்மையாகப் பாருங்கள்

"நல்ல தட்பவெப்பம், உழைக்கும் மக்கள், சிறந்த சாலை வசதி" என்று எல்லா ஊர்க் கையேட்டிலும் இருக்கும். இவற்றால் யாரும் வருவதில்லை. உங்களிடம் மட்டும் இருப்பதையோ, அடுத்த ஊரைவிட உங்களிடம் தெளிவாக மேலாக இருப்பதையோ கண்டுபிடியுங்கள்.

அயர்லாந்தின் ஷானன் ஒரு விமான நிலையத்தை நம்பியிருந்த பகுதி. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கின. 1947-இல் உலகின் முதல் சுங்க வரியில்லா விமான நிலையக் கடை அங்கேதான் தொடங்கியது. நெடுந்தூரம் பறக்கும் ஜெட் விமானங்கள் வரத் தொடங்கியதும் அந்தப் பிழைப்பு போய்விடும் என்று தெரிந்தது. கையில் மிச்சமிருந்தது ஓடுதளமும், சுங்க நடைமுறை தெரிந்த ஆட்களும். அதை வைத்தே 1959-இல் விமான நிலையத்தை ஒட்டி வரிச்சலுகை கொண்ட தொழில் மண்டலம் அமைத்தார்கள். பின்னாளில் பல நாடுகள் பார்த்துப் படித்த மாதிரி அது.

இதற்கு நேரெதிர் அளவில் இன்னொன்று. ஜப்பானின் கமிகாட்சு ஒரு சிறு மலையூர். 1981-இல் அடித்த கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. மிச்சமிருந்தது மலையில் விளையும் இலையும் பூவும், வீட்டில் இருக்கும் வயதான பெண்களும். உணவகங்களில் தட்டு அலங்கரிக்கும் இலைகளைப் பறித்து அனுப்பும் தொழிலை வேளாண் கூட்டுறவு அலுவலர் ஒருவர் 1986 வாக்கில் தொடங்கிவைத்தார். தனக்கு என்ன விலை கிடைக்கிறது, சந்தையில் என்ன கேட்கிறார்கள் என்று அந்தப் பாட்டிகளே கணினியில் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் பின்னால் வந்தது. இலை எல்லா மலையிலும் இருக்கும். தரம் பிரித்து, பொதி கட்டி, கேட்ட நாளில் கேட்ட அளவு அனுப்பும் ஏற்பாடுதான் அங்கே புதிதாக வந்தது.

பலவீனங்களையும் எழுதி வையுங்கள். துறைமுகம் ஆறு மணி நேரத் தூரம் என்றால் கனமான மலிவுச் சரக்குத் தொழில் உங்களுக்கு வராது. அதைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான்காம் படி: நிலத்தைத் தயாராக வையுங்கள்

முதலீட்டாளர்கள் ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட, ஊர்களைக் கழித்துக்கட்டுவதுதான் அதிகம். இருபது ஊர்களின் பட்டியலோடு தொடங்குவார்கள். விவரம் தராத ஊர், தாமதமாகத் தந்த ஊர், நிலத்தில் வில்லங்கம் உள்ள ஊர், இத்தனை மெகாவாட் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத ஊர் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று ஊர்களோடுதான் பேச்சு.

அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோப்பு வேண்டும். நில உரிமை யாரிடம் இருக்கிறது, வழக்கு உண்டா, தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா, மண் பரிசோதனை முடிவு என்ன, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வரும், பக்கத்துத் துணை மின்நிலையத்தில் எவ்வளவு திறன் மிச்சம், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் தர முடியும், கழிவுநீர் எங்கே போகும், கனரக லாரி திரும்பும் அளவுக்குச் சாலை அகலமா. மின்சாரத்தைப் பற்றி மட்டும் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். "ஏற்பாடு செய்யலாம்" என்று மின்வாரிய அதிகாரி வாயால் சொன்னதை நம்பிக் கோப்பில் எழுதாதீர்கள். எத்தனை மாதம், யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

பழைய இடங்களை ஒதுக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் கப்பல் கட்டும் தொழில் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1984-இல் நிசான் கார் கம்பெனி தேர்ந்தெடுத்தது ஒரு பழைய விமானத் தளத்தை. பெரிய, சமதளமான, ஒரே துண்டான நிலம். பக்கத்தில் துறைமுகம். தொழிற்சாலை வேலைக்குப் பழகிய மக்கள். 1986-இல் முதல் கார் வெளியே வந்தது.

ஆனால் தயாராக வைப்பது வேறு, கட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பது வேறு. இத்தாலியின் தென்கோடியில் ஜியோயா தௌரோவில் பெரிய எஃகு ஆலை வரும் என்று 1970-களில் அரசு துறைமுகத்தை வெட்டியது. பழத்தோட்டங்கள் போயின, எஃகுச் சந்தை சரிந்தது, ஆலை வரவே இல்லை. 1990-களில் ஒரு கப்பல் தொழிலதிபர் அந்த ஆழமான துறைமுகத்தைக் கண்டெய்னர்களை மாற்றி ஏற்றும் இடமாக மாற்றியதால் அது பிழைத்தது. அந்த மாதிரி அதிர்ஷ்டத்தை நம்பித் திட்டம் போட முடியாது. ஆவணம், அனுமதி, மண் பரிசோதனை, மின் இணைப்புத் திட்டம் ஆகியவற்றுக்கு இப்போதே செலவு செய்யுங்கள். சாலையையும் கட்டடத்தையும் கையெழுத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: ஆட்கள்

நிலம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ஆனால் வெல்டர் இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1967 முதல் நடத்தும் ஒரு திட்டத்தில், புதிதாக வரும் அல்லது விரிவாகும் நிறுவனத்துக்குத் தேவையான பயிற்சியை மாநிலமே இலவசமாக அமைத்துக் கொடுக்கிறது. பணமாகக் கொடுக்கும் சலுகையைவிட இது எனக்குப் பிடிக்கும். கம்பெனி நாளைக்கே போய்விட்டாலும் கற்ற கை ஊரில் இருக்கும்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொந்திராகோன் என்ற சிற்றூரில் ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியேட்டா என்ற பாதிரியார் 1943-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அங்கே படித்த ஐந்து பேர் 1956-இல் ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். இன்று அந்தக் கூட்டுறவுக் குழுமத்தில் பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். பள்ளிக்கும் ஆலைக்கும் நடுவில் பதின்மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. தேர்தல் காலக் கெடுவுக்குள் இது அடங்காது என்பதை உங்கள் மேலிடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: தேடிப் போவதும் வரவேற்பதும்

இப்போது வெளியே போகலாம். "யாராவது வாருங்கள்" என்ற அழைப்புக்கு மதிப்பில்லை. உள்ளூர் நிறுவனங்கள் எந்த உதிரிப்பாகத்தைத் தூரத்திலிருந்து வாங்குகின்றன என்று இரண்டாம் படியில் கேட்டீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள். அந்தப் பொருளைச் செய்பவருக்கு உங்கள் ஊரில் வாடிக்கையாளர் காத்திருக்கிறார். இதைவிட நல்ல காரணம் வேறில்லை. அடுத்து, உங்கள் ஊரில் பிறந்து வெளியே போய்த் தொழில் செய்கிறவர்களையும், பெரிய நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்களையும் பாருங்கள்.

விசாரணை வந்தால் ஒருவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். அன்றே, முடியாவிட்டால் மறுநாளே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள் என்றும் சொல்லுங்கள். நேரில் பார்க்க வரும் நாளில் மேளதாளமும் மாலையும் வேண்டாம். பெரும்பாலும் கம்பெனியின் பெயரே வெளியே தெரியக் கூடாது என்று கேட்பார்கள். அதைக் காப்பாற்றுங்கள். நிலத்தைக் காட்டுங்கள், மின்வாரியப் பொறியாளரையும் தொழிற்பள்ளி முதல்வரையும் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். ஒரு மணி நேரம் உள்ளூர் முதலாளிகளோடு விட்டுவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது சொல்லப்படுவதைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

ஏழாம் படி: சலுகை, ஒப்பந்தம்

சலுகை கொடுக்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், குறிப்பாகச் சலுகை வாங்குகிறவர்கள். மிச்சிகனில் உள்ள அப்ஜான் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டிமோதி பார்ட்டிக் 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். சலுகை பெற்ற நிறுவனங்களில் அந்தச் சலுகையால் முடிவை மாற்றியவை 2 முதல் 25 சதவீதம்தான் என்பது அவர் கணிப்பு. மற்றவை எப்படியும் வந்திருக்கும். அமேசான் 2017-இல் தன் இரண்டாம் தலைமையகத்துக்கு ஊர்களைப் போட்டிக்கு அழைத்தபோது 238 விண்ணப்பங்கள் குவிந்தன. கடைசியில் அது போனது நியூயார்க்குக்கும் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜினியாவுக்கும். நியூயார்க் திட்டத்தை எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். பெரிய வேலைக்குப் பெரிய நகரம் என்று ஏற்கெனவே மனதில் இருப்பவரோடு சின்ன ஊர் ஏலத்தில் மோதக் கூடாது.

சலுகை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கணக்கு எளிது. மொத்தச் சலுகையை, உண்மையில் வரும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு ஆகிறது? அந்தப் பணம் எத்தனை ஆண்டில் வரியாகத் திரும்பும்? விடை உங்கள் ஓய்வு வயதைத் தாண்டினால் மறுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது, பணம் எப்போது கைமாறுகிறது என்பது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2017-இல் தைவானின் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் முதலீடும் 13,000 வேலைகளும் தருவதாக அறிவித்தது. மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்புக்கொண்டது. 2021-இல் திருத்திய ஒப்பந்தத்தில் முதலீடு 67.2 கோடி டாலருக்கும் வேலைகள் 1,454-க்கும் இறங்கின, சலுகையும் 8 கோடி டாலராகச் சுருங்கியது. மாநிலம் பெரிய அடியிலிருந்து தப்பித்ததற்குக் காரணம், வரிச்சலுகை வேலை உருவான பிறகுதான் கிடைக்கும் என்று எழுதியிருந்ததே. ஆனால் நிலம் வாங்கவும் சாலை, குழாய் போடவும் உள்ளாட்சி முன்கூட்டியே கடன் வாங்கியிருந்தது. மாநிலம், உள்ளாட்சி இரண்டும் ஒரே மேஜையில் கையெழுத்திட்டவைதான். முன்பணம் கொடுத்தவர் மாட்டிக்கொண்டார்.

திரும்ப வாங்கும் விதியும் வேண்டும். நோக்கியா 2008-இல் ஜெர்மனியில் போஹும் (Bochum) என்ற நகரத்தில் இருந்த ஆலையை மூடி உற்பத்தியை ருமேனியாவுக்குக் கொண்டுபோனது. சுமார் 2,300 பேருக்கு வேலை போனது. முன்பு கொடுத்த மானியத்தில் கோடிக்கணக்கான யூரோவைத் திருப்பித் தரச் சொல்லி மாநில அரசு போராட வேண்டியிருந்தது. ருமேனிய ஆலையும் 2011-இலேயே மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, வட்டார முதலீட்டு உதவி பெற்ற பெரிய நிறுவனம் அந்த முதலீட்டைக் குறைந்தது ஐந்து ஆண்டு அதே பகுதியில் வைத்திருக்க வேண்டும், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இப்படி இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் எழுதலாம். எத்தனை நிரந்தர வேலை, குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் சரிபார்ப்பது, குறைந்தால் எந்த விகிதத்தில் பணம் திரும்பும் என்பவை எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தர வேலையாகக் காட்டுவது பழைய வித்தை. "வேலை" என்றால் என்ன என்று முதல் பக்கத்திலேயே வரையறுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: வந்த பிறகு

திறப்பு விழாவோடு தொடர்பு அறுந்துபோவதுதான் வழக்கம். ஆலை மேலாளரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதல் ஆண்டில் பெரும்பாலும் வீட்டு வாடகை ஏறும், புதிதாக வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் விட்டிருந்தால் இப்போதாவது தொடங்குங்கள்.

ஒரே தொழிலில் ஊர் முழுவதும் சாய்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜப்பானின் யூபாரி நிலக்கரியால் வாழ்ந்த ஊர். 1960 வாக்கில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடியது. நகராட்சி கேளிக்கைப் பூங்கா, விடுதி என்று கடன் வாங்கிக் கட்டியது. சுமார் 3,500 கோடி யென் கடன் சேர்ந்து, 2007-இல் நகராட்சியின் நிதி நிர்வாகமே மத்திய அரசின் கண்காணிப்பின் கீழ்ப் போனது. இப்போது மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் கீழே.

போகப்போகிற கம்பெனி சொல்லிக்கொண்டு போகாது. அதற்கான அடையாளங்கள் முன்னாலேயே தெரியும். புதிய மாடல் வேறு ஆலைக்குப் போகிறது. இயந்திரப் பராமரிப்புச் செலவு குறைகிறது. உள்ளூர் மேலாளர் சின்னக் கொள்முதலுக்கும் தலைமையகத்தைக் கேட்கிறார். பழுத்த பொறியாளர்கள் இடமாற்றம் கேட்கிறார்கள். இவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தாலே தலைமையகத்துக்கு நேரில் போங்கள். என்ன குறை, என்ன செய்தால் அடுத்த உற்பத்தி வரிசை இங்கே வரும் என்று கேளுங்கள். அவர்கள் மனதை மாற்ற முடியாதென்று தெரிந்தால், கட்டடமும் மின் இணைப்பும் யாருக்குப் போகும், பயிற்சி பெற்றவர்களை எந்த உள்ளூர் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சை மூடல் அறிவிப்புக்கு முன்பே தொடங்கிவிடலாம்.